நாக்கு ஒட்டியதா? பாயிண்டைத் தூரத்திலிருந்து திருப்ப ஒரு முழு வழிகாட்டி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளாத டெல்டாக்காரர் குறைவு. தஞ்சாவூர் போகிற பஸ் நின்றுவிடும், வேர்க்கடலைக்காரர் ஏறி இறங்கிவிடுவார், டிரைவர் இறங்கி பீடி பற்றவைப்பார். கேட் மட்டும் திறக்காது. சின்ன வயதில் எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கும். ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆள் அரவமே இல்லாத இடத்தில் ஒரு தண்டவாளம் தானாக நகர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டது. பேய்தான் தள்ளுகிறது என்று தங்கையை நம்பவைத்தேன்.

அந்தப் பேயை மாடல் ரயிலாக மேஜை மேல் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குத் திருப்பிவிடும் அந்த இடத்துக்குப் பெயர் பாயிண்ட். முதலில் நிஜ ரயில்வேயில் பாயிண்ட் எப்படித் திரும்புகிறது என்று பார்த்துவிடுவோம். அதைப் புரிந்துகொள்ளாமல் மாடலுக்குப் போனால் நான் செய்த தப்பையே நீங்களும் செய்வீர்கள்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். மீட்டர்கேஜ் காலத்தில் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் லீவர் இழுத்தவர். அவரிடம் என் திட்டத்தைச் சொன்னபோது, "தம்பி, தள்ளுறது பெரிய வேலை இல்லப்பா. ஒட்டிச்சான்னு தெரியணும், அதான் வேலை" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். விளங்கவில்லை.

நிஜப் பாயிண்டில் என்ன நடக்கிறது

பாயிண்டில் நகர்பவை நுனி சீவிய இரண்டு தண்டவாளங்கள் மட்டுமே. அவற்றை நாக்கு என்போம். குறுக்குக் கம்பிகளால் இணைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே நகரும். ஒரு நாக்கு தன் பக்கத்து நிலைத் தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். அகலப்பாதையில் அந்த விலகல் நுனியில் 115 மில்லிமீட்டர். ஏறக்குறைய நான்கரை அங்குலம்.

ரயில் நாக்கின் நுனியை எதிர்கொண்டு வரும்போதுதான் ஆபத்து. நாக்கு முழுதாக ஒட்டாமல் இடைவெளி விட்டு நின்றால், சக்கர விளிம்பு அந்த இடைவெளிக்குள் நுழைந்துவிடும். ஒரு சக்கரம் மெயின் லைன், இன்னொன்று லூப் லைன் (ஸ்டேஷனில் பிரிந்து மறுபடி சேரும் பக்கப் பாதை) என்று போனால் பிறகு சொல்ல என்ன இருக்கிறது?

ஆரம்ப காலத்தில் பாயிண்டின் பக்கத்திலேயே ஆள் நின்று கையால் தள்ளினார்கள். அப்புறம் கேபினில் லீவர் வந்தது. லீவரிலிருந்து பாயிண்ட் வரை இரும்புக் கம்பி, உருளைகள் மேல் ஓடும். பாயிண்ட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பூட்டி வைக்கும் இன்டர்லாக்கிங் என்ற ஏற்பாட்டுக்கு இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி 1856 இல் காப்புரிமை வாங்கினார். பாயிண்ட் சரியாக நிற்காவிட்டால் சிக்னல் லீவர் அசையாது. வண்டி வரலாம் என்று சிக்னல் கை இறங்கியிருந்தால் பாயிண்ட் லீவர் அசையாது. இன்றைய கம்ப்யூட்டர் இன்டர்லாக்கிங் வரை எல்லாம் இந்த ஒரு யோசனையின் பிள்ளைகள்தான்.

கம்பி முறையில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. இரும்பு ஒரு டிகிரி சூடானால் மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். கேபினிலிருந்து பாயிண்ட் 300 மீட்டர் தள்ளி இருக்கிறது, விடியற்காலைக்கும் சித்திரை வெயில் மத்தியானத்துக்கும் கம்பியின் சூட்டில் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 108 மில்லிமீட்டர். அதாவது லீவரைத் தொடாமலே, வெயில் மட்டும் பாயிண்ட்டை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிவிடும்! இதைத் தவிர்க்க, கம்பியை நடுவில் வெட்டி ஒரு திருப்பு நெம்புகோல் வைப்பார்கள். ஒரு பாதி தள்ளும்போது மறு பாதி இழுக்கும். இரண்டு பக்கமும் நீளுகிற நீளம் ஒன்றையொன்று தின்றுவிடும். தண்டவாள ஓரத்தில் இந்தச் சமாசாரத்தைப் பார்த்து என்னவென்று தெரியாமல் கடந்து போன நாட்கள் எனக்கு நிறைய.

இப்போது பெரும்பாலும் மின்சாரப் பாயிண்ட் மெஷின். நாக்கின் பக்கத்தில் சிலீப்பர் கட்டை மேல் உட்கார்ந்திருக்கும் இரும்புப் பெட்டி அதுதான். உள்ளே 110 வோல்ட் டிசி மோட்டார். உத்தரவு வந்ததும் முதலில் பூட்டைத் திறக்கும், அப்புறம் நாக்கை நகர்த்தும், பிறகு மறுபடி பூட்டும். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். நடுவில் ஜல்லிக்கல் சிக்கினால் மோட்டார் கருகக் கூடாது என்பதற்காக உராய்வு கிளட்ச் வழுக்கிக்கொடுக்கும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வரும் மெல்லிய கம்பிகள்தான். நாக்கைத் தள்ளும் தடித்த கம்பி வேறு, அது எங்கே நிற்கிறது என்று திரும்பிச் சொல்லும் கம்பிகள் வேறு. ஒவ்வொரு நாக்குக்கும் தனித்தனிச் சாட்சிக் கம்பி. தள்ளியவன் பேச்சை நம்புவதில்லை, தள்ளப்பட்டவனைக் கேட்கிறார்கள். இதற்குச் சோதனையும் உண்டு. நாக்கின் நுனியிலிருந்து 150 மில்லிமீட்டர் உள்ளே, நாக்குக்கும் நிலைத் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் தகடு ஒன்றை வைத்துப் பாயிண்ட்டைத் திருப்புவார்கள். அப்போது பூட்டு விழக் கூடாது, சாட்சியும் வரக் கூடாது. வந்தால் மெஷினைச் சரிசெய்யாமல் விடமாட்டார்கள்.

சிக்னல் ஒன்று சொல்ல, சக்கரம் வேறு பக்கம் போனால் என்ன ஆகும் என்பதை 2024 அக்டோபர் 11 இரவு கவரப்பேட்டையில் பார்த்தோம். மெயின் லைனுக்கு சிக்னல் கொடுக்கப்பட்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் லைனுக்குள் புகுந்து அங்கே நின்ற கூட்ஸ் வண்டியில் மோதியது.

தொலைவு கூடினால் என்ன செய்வது? அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 1927 இலேயே, ஒரே இடத்தில் உட்கார்ந்து பல மைல் நீளப் பாதையின் பாயிண்ட்களையும் சிக்னல்களையும் இயக்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதிலும் தூரத்து அறையிலிருந்து போவது வேண்டுகோள் மட்டும்தான். திருப்பலாமா கூடாதா என்று முடிவு செய்வது பாயிண்ட் அருகிலிருக்கும் இன்டர்லாக்கிங். கம்பி அறுந்தாலும், அறையில் இருப்பவர் தப்பான பட்டனை அழுத்தினாலும் ரயில் கவிழாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், செல்போனில் இயக்க ஆசைப்படும்போது உதவும்.

ஒரு வார்த்தை: இதையெல்லாம் படித்துவிட்டு நிஜப் பாயிண்ட் பக்கம் போய்த் தொட்டுப் பார்க்க வேண்டாம். 1989 ஆம் வருட ரயில்வே சட்டப்படி தண்டவாளப் பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். பிளாட்பாரத்தில் நின்று பார்த்தாலே போதிய அளவு தெரியும்.

மேஜைக்கு வருவோம்: அளவும் வரைபடமும்

எதை மாடலாகச் செய்வது? என் சிபாரிசு, டெல்டாவின் ஒரு சின்ன ஸ்டேஷன். ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், இரண்டு கோடியிலும் ஒவ்வொரு பாயிண்ட். வேண்டுமானால் அறுவடைக் காலத்து நெல் மூட்டை ஏற்ற, வண்டியை ஒதுக்கி நிறுத்தும் ஒரு சைடிங். முதல் முயற்சியில் இதற்கு மேல் போகாதீர்கள். திருவாரூர் ஜங்ஷனையே கட்டப் போகிறேன் என்று ஆரம்பித்த நண்பர் ஒருவரின் பிளைவுட் இப்போது துணி காயப்போட உதவுகிறது.

1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87 இல் ஒரு பங்காகச் செய்யும் மாடலில், பாதை அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், அதை 87 ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும். ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளம் நம் ரயிலுக்குக் கொஞ்சம் ஒடுக்கம். பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை, நானும்தான். பழைய மீட்டர்கேஜ்மீது பாசம் உள்ளவர்களுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கணக்குக்கு நெருக்கமாக வரும்; விலையும் தேடலும் அதிகம். இடம் இல்லாதவர்கள் 9 மில்லிமீட்டருக்குப் போகலாம்.

பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது ஊதும், வளையும். மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துவிட்டு அப்புறம் தண்டவாளம் பதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காததே மேல்.

எதைக்கொண்டு திருப்புவது

மூன்று வழிகள். முதலாவது இரட்டைச் சுருள் சொலனாய்டு, அதாவது இரும்புத் தண்டை இழுக்கும் மின்காந்தம்: பட்டனை அழுத்தினால் டப்பென்று அடித்துத் திருப்பும். பட்டனில் விரல் இரண்டு விநாடி தங்கினால் சுருள் கருகும். ஆகவே கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே தட்டில் இறக்கும் சுற்று அவசியம். இரண்டாவது, கடைசி வரை தள்ளிவிட்டு அங்கேயே அழுத்திப் பிடித்து நிற்கும் மெதுவான மோட்டார். அருமையான சாமான்தான், ஆனால் பத்து பாயிண்ட்டுக்கு வாங்கினால் பாக்கெட் காலி. மூன்றாவது, பொம்மை விமானங்களில் வரும் 9 கிராம் சர்வோ, எஸ்ஜி90. சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார் அது. மலிவு, மெதுவாக நகர்த்தலாம், எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நான் சர்வோ கட்சி, கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான்.

படி 1: சர்வோவைப் பொருத்துதல்

பாயிண்ட்டின் உள்ளே நாக்கை இரண்டு பக்கமும் சுண்டி நிறுத்தும் சின்ன ஸ்பிரிங் இருந்தால் கழற்றிவிடுங்கள். சர்வோவும் ஸ்பிரிங்கும் மல்லுக்கட்டக் கூடாது. நாக்குகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கட்டையின் நடுத் துளைக்கு நேர் கீழே பலகையில் 8 மில்லிமீட்டர் துளை போடுங்கள்.

சர்வோவைப் பலகைக்கு அடியில் திருகுவதற்கு முன் 90 டிகிரியில் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்போது சர்வோவின் கை நேராகவும், நாக்குகள் இரண்டு பக்கமும் ஒட்டாமல் நட்டநடுவிலும் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் திருகினால் ஒரு பக்கம் எட்டாது, மறுபக்கம் பலகையே அதிரும்.

இப்போது கம்பி. சர்வோ கையிலிருந்து துளை வழியாக மேலேறி, குறுக்குக் கட்டையைப் பிடிப்பது இதுதான். நான் முதலில் போட்டது வீணைக்கம்பி. தஞ்சாவூரில் சொந்தக்காரர் வீட்டில் பழைய வீணை ஒன்று கிடந்தது, தந்தி நல்ல எஃகுதானே என்று வெட்டிக்கொண்டு வந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சர்வோவின் கையில் ஒரு மைக்ரோசுவிட்ச் (லேசாகத் தொட்டாலே விழும் குட்டிச் சுவிட்ச்) வைத்து, கை கடைசிவரை போனால், பட்டன்களும் விளக்குகளும் உள்ள பேனலில் பச்சை எரியும்படி செய்திருந்தேன். இரண்டு நாள் பிரமாதமாக ஓடியது. மூன்றாம் நாள் நாக்கின் அடியில் ஒரு பொடிக் கல் சிக்கியது. சர்வோ வழக்கம்போல் முழுதாகத் திரும்பியது. மெல்லிய தந்தி வில்லாக வளைந்துகொடுத்தது. நாக்கு பாதி வழியில் நின்றது. பேனலில் பச்சை. இன்ஜின் வந்தது, முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் ஒரு பக்கம், மேஜை விளிம்பு, சிமெண்ட் தரை. ஆறு மாதச் சேமிப்பு அது.

பெரியப்பா சொன்னது அன்றைக்குத்தான் விளங்கியது. என் பச்சை விளக்கு சர்வோவைக் கேட்டது, நாக்கைக் கேட்கவில்லை.

ஆகவே 0.8 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போடுங்கள். அது கொஞ்சம் வளைந்துகொடுக்கும், நாக்கை அழுத்திப் பிடிக்க அந்த அளவு வளைவு வேண்டும். தந்தி போலத் துவளாது.

படி 2: சாட்சி

பாயிண்ட்டுக்கு இரண்டு மைக்ரோசுவிட்ச் வாங்குங்கள். குறுக்குக் கட்டையின் முனையோடு ஒரு தனிக் கம்பியை இணைத்து, அந்தக் கம்பி ஒரு கோடியில் ஒரு சுவிட்ச்சையும் மறுகோடியில் மற்றதையும் தொடும்படி வையுங்கள். சர்வோவின் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது.

நேர் நிலைச் சுவிட்ச் மட்டும் விழுந்திருந்தால் பாயிண்ட் நேர். மாற்று நிலைச் சுவிட்ச் மட்டும் என்றால் மாற்று. இரண்டுமே விழவில்லை என்றால் நகர்ந்துகொண்டிருக்கிறது அல்லது எங்கோ சிக்கியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்ததாகச் சொன்னால் வயரில் கோளாறு. அது நடக்கவே முடியாத நிலை, எல்லா சிக்னலையும் சிவப்பாக்கிவிடுங்கள்.

சுவிட்ச்சின் இடத்தை நகர்த்தி நகர்த்தித் துல்லியமாக்க அரை நாள் ஆகும். 115 மில்லிமீட்டரை 87 ஆல் வகுத்தால் 1.3 மில்லிமீட்டர்தான் வரும். மாடலின் சக்கர விளிம்பு தடிமன் என்பதால் நாக்கு அதைவிட அதிகம் விலகும், என்றாலும் மில்லிமீட்டர்களில்தான் விளையாட்டு. ரயில்வேயின் 5 மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதிலாக நான் வைத்திருப்பது கல்யாணப் பத்திரிகை. மெல்லிய கீற்றாக வெட்டி நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் பிடித்துக்கொண்டு திருப்புவேன். விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் சுவிட்ச்சை ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும். கீற்றை எடுத்ததும் எரிய வேண்டும். இந்த இரண்டும் பத்துக்குப் பத்து சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: மின்சாரமும் மூளையும்

நிரல் எழுதி இயக்கும் குட்டி சர்க்யூட் போர்டு, ஒரு ஆர்டுயினோ நானோ போதும். சர்வோவின் பழுப்பு வயர் மைனஸ், சிவப்பு பிளஸ், ஆரஞ்சு உத்தரவு. சிவப்பை நானோவின் 5 வோல்ட் காலில் சொருகும் ஆசையை அடக்குங்கள். சிக்கிக்கொண்ட சர்வோ அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நானோ மயங்கி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் சப்ளை கொடுங்கள். இரண்டு சப்ளையின் மைனஸையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். சர்வோ சப்ளையின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

நிரலில் 75 டிகிரிக்கும் 105 டிகிரிக்கும் நடுவில் ஆரம்பித்து, நாக்கு ஒட்டும் இடத்தைக் கண்டுபிடித்து அதற்கு மேல் இரண்டு டிகிரி கூட்டுங்கள். 30 மில்லிவிநாடிக்கு ஒரு டிகிரி என்று நகர்த்தினால் நிஜப் பாயிண்ட் போலவே சாவகாசமாகத் திரும்பும். ஐந்து விநாடிக்குள் சாட்சி வராவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு பஸ்ஸரை அடிக்கச் சொல்லுங்கள்.

பவர் போட்டதும் சர்வோ ஒரு துள்ளு துள்ளும். கடைசியாக நின்ற நிலையை மின்சாரம் போனாலும் அழியாத நானோவின் ஈப்ராம் நினைவில் எழுதிவைத்து, அதே கோணத்திலிருந்து தொடங்கினால் துள்ளல் பெருமளவு குறையும். நகர்ந்து முடிந்ததும் உத்தரவை நிறுத்தினால் முனகலும் நிற்கும்.

உலோகக் கிராஸிங் (இரண்டு பாதைகளின் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் துண்டு) உள்ள பாயிண்ட் என்றால், நாக்கு திரும்பும்போது கிராஸிங்கின் துருவமும் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட். அதற்கான ரிலேவையும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சாட்சிச் சுவிட்ச்சே இயக்கட்டும்.

படி 4: பூட்டு

பட்டனை அழுத்தியதும் நேராக சர்வோவுக்கு உத்தரவு போகக் கூடாது. நிரல் முதலில் பாயிண்ட் மேல் வண்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு இடையில் ஒரு இன்ஃப்ராரெட் சென்சார் புதைத்தால் போதும். நிஜத்தில் இதற்குத் தண்டவாளத்திலேயே மெல்லிய மின்சாரம் ஓடும்; சக்கரமும் அச்சும் அதைக் குறுக்கே இணைத்ததும் பாயிண்ட் பூட்டிக்கொள்ளும்.

காலி என்றால் திருப்பு. சாட்சி வரும்வரை காத்திரு. வந்ததும் பட்டனைப் பூட்டு. அப்புறம்தான் சிக்னல் பச்சை. வண்டி கடந்து, சென்சார் காலியான பிறகு சிக்னல் சிவப்பு, பூட்டு திறப்பு. வரிசை மாறக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் சாட்சி போய்விட்டால், அந்தக் கணமே சிக்னல் சிவப்பு. பேனலில் அந்தப் பாயிண்ட்டின் விளக்கு மினுக்க வேண்டும், அணையக் கூடாது. அணைந்த விளக்கை பல்ப் போய்விட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம். மினுக்குவது கண்ணைக் குத்தும்.

படி 5: தூரத்திலிருந்து

பேனலை அடுத்த அறைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நீள வயர் சாட்சிக்கும் பட்டனுக்கும் மட்டும் போகட்டும். சர்வோவின் உத்தரவு வயர் ஒரு மீட்டருக்கு மேல் போனால் நடுக்கம் வரும். செல்போன் வேண்டும் என்பவர்கள் நானோவுக்குப் பதில் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டு போட்டு வைஃபையில் இயக்கலாம். ஆனால் படி 4 இன் பூட்டு முழுவதும் பலகைக்கு அடியிலேயே இருக்கட்டும். போன் கேட்கட்டும், பலகை முடிவு செய்யட்டும். ஒஹாயோ ஞாபகம் இருக்கிறதா?

தண்டவாளத்தின் வழியே டிஜிட்டல் உத்தரவு அனுப்பி வண்டிகளை இயக்கும் டிசிசி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த உத்தரவைப் படித்துப் பாயிண்ட்டைத் திருப்பும் டிகோடருக்குத் தண்டவாளத்திலிருந்தே மின்சாரம் எடுத்தால், இன்ஜின் தப்பான பாயிண்ட்டில் ஏறி ஷார்ட் ஆகும்போது டிகோடரும் செத்துவிடும். தப்பான பாயிண்ட்டைத் திருப்பினால்தான் ஷார்ட் போகும், ஷார்ட் போனால்தான் பாயிண்ட் திரும்பும். டிகோடருக்குத் தனி சப்ளை கொடுங்கள்.

பராமரிப்பும் மின்வெட்டும்

குறுக்குக் கட்டைக்கு எண்ணெய் போடாதீர்கள், தூசி பிடித்துக் கூழாகும். பென்சில் கரித்தூள் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் சுவிட்ச் முனைகள் பூத்துப்போகும், மாதம் ஒருமுறை பாருங்கள். எறும்பு வேறு. ஒருமுறை சாட்சி வரவே இல்லை என்று வயரையெல்லாம் பிரித்துப் பார்த்தால், மைக்ரோசுவிட்ச்சுக்குள் எறும்புகள் முட்டையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

நிஜப் பாயிண்ட் மெஷினில் மின்சாரம் போனால் கையால் சுற்றித் திருப்ப ஒரு கைப்பிடி உண்டு. அது எப்போதும் பூட்டில்தான் இருக்கும். அதை மெஷினில் சொருகியதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டாகிவிடும். ஒருவர் கையால் சுற்றும்போது இன்னொருவர் அறையிலிருந்து பட்டன் அழுத்தி அவர் கையை முறித்துவிடக் கூடாதே. நானும் பலகையின் முன்பக்கம் ஒரு துளை விட்டு, பழைய குடைக்கம்பி ஒன்றை உள்ளே விட்டால் நாக்கைத் தள்ளும்படி செய்திருக்கிறேன். கம்பி நுழையும் வழியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது அழுந்தியதும் சர்வோவுக்குப் போகும் சிவப்பு வயர் துண்டாகும். கார்த்திகை மழையில் கரண்ட் போன இரவுகளில், பேட்டரி விளக்கைக் கடித்துக்கொண்டு, குடைக்கம்பியால்தான் கடைசி வண்டியை லூப்பில் ஏற்றுகிறேன்.